செக்ரோல் மென்பொருளில் பேர் காணாமல் போகும் வழி

இலங்கைத் தேயிலைத் தோட்ட அலுவலகக் கணினியில் ஓடும் செக்ரோல் (வரவு, சம்பளப் பதிவேடு) மென்பொருள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கும்: அன்றைய பேர் (அந்த நாள் வேலைக்கான வரவு; முழுக் கூலிக்கு முழுப்பேர், பாதிக் கூலிக்கு அரைப்பேர்), ஒவ்வொரு நிறுவையிலும் விழுந்த கொழுந்தின் கிலோ, முற்பணம், கழிவு. மாதச் சம்பளம் இதிலிருந்துதான் போடப்படுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிக்கும் 8 சதவீதமும் தோட்டம் செலுத்தும் 12 சதவீதமும் இதையே நம்பியிருக்கின்றன. ஒரு வரி நழுவினால் அந்த நாள் கூலியோடு ஓய்வுக்காலப் பணமும் குறையும்.

வரி நழுவ யாரும் திருட வேண்டியதில்லை. மென்பொருளின் நிரலில் உள்ள ‘தொழிலாளி’ என்ற வகுப்பு, கேட்டவருக்கெல்லாம் தன் உள்பட்டியலையே கொடுத்தால் போதும். ஜாவா, சி ஷார்ப், பைதான் ஆகிய மூன்று நிரல்மொழிகளிலும் அப்படிக் கொடுப்பது நகல் அல்ல, அதே பட்டியல். ஹட்டனில் ஓர் அலுவலகத்துக்கு முழுப்பேர் நாட்களை மட்டும் அச்சிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை எழுதுபவர் கையில் வந்த பட்டியலிலிருந்து அரைப்பேர் வரிகளை நீக்குகிறார். அறிக்கை சரியாகவே வரும். பிறகு ஓடும் சம்பளக் கணக்கில் அந்த நாட்களே இருக்காது. புதிய வரியைச் சேர்க்கும்போது நடக்கும் சோதனையும் பதிவும் இந்த நீக்கத்தைத் தொடுவதேயில்லை. யார் எப்போது நீக்கினார் என்ற தடயமும் மிஞ்சாது.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. ஜாவாவின் 1.1 பதிப்பில், ஒரு நிரலில் கையொப்பமிட்டவர்களைத் தரும் ‘கெட்சைனர்ஸ்’ என்ற செயல் உள்ளே இருந்த அணியையே வெளியே கொடுத்தது. நம்பத்தகாத ஆப்லெட் ஒன்று அந்த அணியில் நம்பகமான பெயரை எழுதி, தனக்கில்லாத அதிகாரத்தைப் பெற முடிந்தது. 1997இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தனர். நகலைக் கொடுத்திருந்தால் அந்த ஓட்டையே இருந்திருக்காது.

தீர்வு மொழிக்கு மொழி வேறுபடும். ஜாவாவின் ‘அன்மாடிஃபையபிள்லிஸ்ட்’ மாற்ற முடியாத பார்வையைத் தரும்; ஆனால் உள்ளே பட்டியல் மாறினால் பார்வையும் மாறும். மாதக் கணக்கு மூடிய பின் அசையக்கூடாத பதிவுக்கு ‘லிஸ்ட்.காப்பிஆஃப்’ பொருந்தும். சி ஷார்ப்பின் ‘ஐரீட்ஒன்லிலிஸ்ட்’ என்ற இடைமுகம் மட்டும் பாதுகாப்பல்ல, உள்ளிருக்கும் பட்டியலாகவே அதை மறுபடி மாற்றிக்கொள்ளலாம்; ‘ரீட்ஒன்லிகலெக்‌ஷன்’ உறை அதைத் தடுக்கும். கோட்லினிலும் ‘லிஸ்ட்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது: அது வாசிக்க மட்டும் தரும் வாசல், மாறாத பட்டியல் என்ற உறுதி இல்லை. பைதானில் டியூப்பிள் எளிய வழி.

அதிகம் மறக்கப்படுவது பட்டியலின் உறுப்பு. பட்டியலைப் பூட்டிவிட்டு நிறுவைப் பொருளின் கிலோவை மாற்ற விட்டால் பூட்டியதில் பயனில்லை. நிறுவைப் பொருளும் மாறாததாக இருக்க வேண்டும். நகலெடுத்தால் வேகம் போய்விடும் என்பது வழக்கமான சாக்கு. ஒரு தொழிலாளியின் மாதத்துக்கு சில நூறு வரிகள்கூட வராது.

வரி ஏற்கனவே நழுவியிருந்தால் சட்டத்தின் வழியும் உண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் ஒருவருக்கு உரிமை வகுத்துள்ளது. அதன் பிரிவுகள் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன. சேமலாப நிதி குறைந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அங்கே கணினிக்கு எதிராகப் பேசுவது சம்பளச் சீட்டும், நாளாந்தம் நிறுத்த கிலோவைத் தொழிலாளி தன் கொப்பியில் எழுதிவைத்த கணக்கும்தான்.