எந்த விசைப்பலகை நல்லது?

நம் சங்கத்து நண்பர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கணிப்பொறியில் தமிழைத் தட்ட எந்த விசைப்பலகை சிறந்தது என்பதே அது. அவரவர்க்கு அவரவர் பழகியதே அமுதம். இது தமிழருக்கு மட்டும் உரிய குணமன்று. அமெரிக்காவில் ஷோல்ஸ் 1870களில் அமைத்த ஆங்கில விசை வரிசையை மாற்ற எண்ணி, துவோராக் என்பவர் 1936இல் வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் பழையதை விடவில்லை. பழக்கம் அத்துணை வலியது! எனினும் பழக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு எண்ணிப் பார்க்கவும் இடமிருக்கிறது.

தமிழ் எழுத்துகள் 247. ஆங்கில எழுத்து விசைகளோ 26. இது எப்படிப் பொருந்தும்? பழைய தட்டெழுத்துப் பொறி, எழுத்தின் வடிவத்தைத் துண்டு துண்டாக அடித்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அமைத்துத் தந்த வழி அது. ‘கொ’ வேண்டுமானால் முதலில் கொம்பு, பின்னர் க, அதன்பின் கால். 1978இல் தமிழ்நாட்டரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதும் ணை, லை, றா போன்றவற்றின் பழைய தனி வடிவங்கள் நீங்கின. பொறியின் சுமையும் குறைந்தது. தட்டெழுத்துப் பயின்று தேர்வு எழுதியவர்கள் கணிப்பொறியிலும் அந்த வரிசையையே விரும்புகிறார்கள். அவர்கள் விரல்களின் வேகத்தைப் பார்த்தவர் எவரும் அவர்களோடு வாதாட மாட்டார்.

நாம் வாழும் இந்த வடபுலத்தில் அடிக்கடி எதிர்ப்படுவது இன்ஸ்கிரிப்ட். 1980களில் மைய அரசு வகுத்தது. இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் ககரத்துக்கு ஒரே விசை. இந்தி தட்டத் தெரிந்தவருக்கு இது வரப்பிரசாதம்தான். ஆனால் ண, ன, ற, ள, ழ ஆகிய ஐந்தையும் ஷிப்டை அழுத்தித்தான் பெற வேண்டும். னகர மெய் இல்லாமல் தமிழில் ‘நான்’ என்று சொல்லவும் முடியுமா? எல்லா மொழிக்கும் ஒரே சட்டை தைத்தால் எவருக்கோ கை குட்டையாகத்தானே இருக்கும்!

ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டுவது மூன்றாவது வழி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலால் பரவிய முறை இது. நம்மில் பெரும்பாலோர் இதையே கையாளுகிறோம். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் வெளி மாநிலங்களில் வளர்ந்த நண்பர்களுக்கு இதைவிட எளிய வாயில் இல்லை. அதனால் இதை இகழ எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் நெஞ்சில் தமிழும் விரலில் ஆங்கிலமுமாக ஒவ்வொரு சொல்லையும் மொழிமாற்றிக் கொண்டிருக்கிறோம். ஆங்கில ‘என்’ ஒன்றை வைத்துக்கொண்டு ந, ன, ண மூன்றையும் சமாளிக்கப் பெரிய எழுத்தையும் வேறு எழுத்தையும் துணைக்கு அழைக்க வேண்டும்.

நான்காவது தமிழ் 99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு ஏற்றது. உயிர் பன்னிரண்டும் புள்ளியும் இடக்கைக்கு. வ, ங நீங்கலாக மெய்கள் வலக்கைக்கு. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் என்று பள்ளியில் படித்தோமே, அதுவே இங்கு தட்டும் முறை. இன எழுத்துகள் பெரும்பாலும் அண்டை வீட்டுக்காரர்கள்: தகரத்தின் பக்கம் நகரம், பகரத்தின் பக்கம் மகரம், றகரத்தின் பக்கம் னகரம். ந, த என்று அடுத்தடுத்துத் தட்டினால் ‘ந்த’ என்று புள்ளி தானே விழுகிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும் அப்படியே.

‘வந்தான்’ என்று எழுதிப் பாருங்கள். தமிழ் 99இல் வ, ந, த, ஆ, ன, புள்ளி: ஆறு தட்டு. இன்ஸ்கிரிப்டில் ஏழு, ஷிப்டையும் சேர்த்தால் எட்டு. ஆங்கில வழியில் பொதுவாக எட்டு. ஒரு சொல்லில் இரண்டு தட்டு அற்பம்தான்; நூறு பக்க ஆய்வேட்டில் அற்பமன்று. குறையும் உண்டு. ‘பப்பாளி’ என்று தட்டும்போது முதல் பகரத்துக்குப் பின் அகரத்தை இடாவிட்டால் அங்கே வேண்டாத புள்ளி விழுந்துவிடும். முதல் சில நாள் எரிச்சலாகவே இருக்கும்.

கைப்பேசியில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே உழைப்பவை இரண்டு கட்டை விரல்களே. எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம். மேசைக் கணிப்பொறிக்கு மட்டும் தமிழ் 99ஐ நான் பரிந்துரைப்பேன். விண்டோஸிலும் மாக்கிலும் அது உடன் வருகிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது அதைத் தேர்ந்தால் போதும், தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.