பிசின் வலுவாக இருந்தால் போதுமா?

ஃபைபர் படகின் மேல்தளம் பார்வைக்கு ஒரே கெட்டிப் பலகைதான். பல பாய்மரப் படகுகளில் அதை அறுத்துப் பார்த்தால், மேலும் கீழும் மெல்லிய கண்ணாடியிழைத் தோல், நடுவில் எடை குறைந்த பால்சா மரம் அல்லது நுரைப் பலகை. கயிறு கட்டும் கிளீட்டுக்காகத் துளை போடும்போது இந்த நடு அடுக்கும் துளைபடுகிறது. போல்ட்டைச் சுற்றி மயிரிழை இடைவெளி இருந்தாலே மழைநீர் இறங்கிவிடும். பால்சா ஊறி அழுகும். மேலே பளபளப்பு குறையாது. மிதித்தால்தான் தளம் அமுங்குவது தெரியும்.

போல்ட்டும் தப்பாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறினால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். இடுக்கில் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். வெளியே மின்னும் போல்ட்டின் நடுத்தண்டு உள்ளே அரிபட்டிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் சீலன்ட். கடையில் பலரும் கேட்பது, “இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கானது எது?” என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்தப் பாகத்தை என்றைக்காவது கழற்றுவோமா என்பது.

த்ரீஎம் 5200 போன்ற பாலியூரித்தேன் வகை, பெயருக்குத்தான் சீலன்ட். குணத்தில் முரட்டுப் பசை. உடலையும் மேல்தளத்தையும் நிரந்தரமாக இணைக்க அருமையானது. கிளீட்டுக்கு அதைப் போட்டுவிட்டுப் பின்னாளில் கழற்ற முயன்றால், படகின் மேல்பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இது இறுகுகிறது. சென்னைப் புழுக்கம் அந்த வேலைக்கு வசதி. திறந்து வைத்த டியூபுக்கு அதே புழுக்கம் எமன்.

பாலிசல்ஃபைடு பழைய கை. 1920களில் அமெரிக்காவில் ஜோசப் பேட்ரிக் வேறெதையோ செய்யப்போய், நாற்றமடிக்கும் ஒரு ரப்பர் பிசின் கிடைத்தது. தயோகால் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தக் குடும்பம் பின்னர் விமான எரிபொருள் தொட்டிகளை அடைக்கவும், ராக்கெட்டின் திட எரிபொருளைப் பிணைக்கவும் பயன்பட்டது. தேக்குத் தளத்தின் இடுக்குகளுக்கு இன்றும் நம்பகமானது; கழற்றவும் முடியும். ஆனால் அக்ரிலிக், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளில் தடவக் கூடாது. அவை நொறுங்கி விரிசல் விடும்.

அக்ரிலிக் ஜன்னலுக்கு வேறு கணக்கு. ஒரு மீட்டர் நீள அக்ரிலிக், வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். சுற்றியுள்ள ஃபைபர் அந்த அளவுக்கு நீளாது. இந்த இழுபறிக்கு ஈடுகொடுக்க சிலிகானின் நெகிழ்ச்சி உதவும். அதை ஜன்னலோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். சிலிகான் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எச்சம் தங்கும். பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் பிடிக்காது.

சாதாரண கிளீட்டுக்கு என் ஓட்டு பியூட்டைல் நாடாவுக்கு. சாம்பல் நிறச் சுருள். எத்தனை ஆண்டானாலும் இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். விலையும் குறைவு. நீர்மட்டத்துக்குக் கீழேயும், பெட்ரோல் டீசல் படும் இடத்திலும் மட்டும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் துளையைத் தயார்படுத்துவதில்தான் பாதி வேலை. முதலில் பெரிதாகத் துளைத்து, ஓரத்துப் பால்சாவைச் சுரண்டி எடுத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே போல்ட்டுக்கான துளை போட வேண்டும். அப்புறம் சீலன்ட் தோற்றாலும் நீர் மரத்தைத் தொடாது. துளையின் மேல்விளிம்பைச் சற்றே சரிவாகச் சீவிவிட்டால், போல்ட்டின் கழுத்தைச் சுற்றி சீலன்ட் ஒரு வளையமாகத் தங்கும். கடைசியில் முறுக்கும்போது மேலே போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழே நட்டை மட்டும் திருக வேண்டும். தலையைத் திருகினால் அந்த வளையம் அறுந்துபோகும்.