நிழலில் தழைக்கும் இலைச்செடிகள்

புனே நகரின் கட்கியில் முதிர்ந்த மரங்கள் நிற்கும் வீட்டுத் தோட்டங்கள் பல உண்டு. மரநிழலில் ரோஜாவும் செம்பருத்தியும் நன்கு பூப்பதில்லை. அவ்விடத்திற்கு ஏற்றவை இலையழகுச் செடிகளே.

இச்செடிகளுட் பலவற்றின் தாயகம் வெப்பமண்டலக் காடு. அங்கு உயர்ந்த மரங்கள் கதிரொளியை மறைத்துவிடும். கிடைக்கும் சிறிதளவு ஒளியைப் பெற, தரையில் வாழும் செடிகள் அகன்ற இலைகளை விரிக்கின்றன. கலேடியம் தென் அமெரிக்காவிலிருந்தும், பாம்புச்செடி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், மணிபிளாண்ட் பசிபிக் பெருங்கடலின் மூரேயா தீவிலிருந்தும் வந்தவை.

கட்கிக்கு அருகிலுள்ள கணேஷ்கிண்டில் 1873ஆம் ஆண்டிலேயே தாவரவியல் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. மகாராட்டிர அரசு 2020இல் அதனைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது.

வேற்றிடச் செடிக்குப் புனேயில் மூன்று இடர்கள் உண்டு. முதலாவது மழைக்காலம். கரிசல் மண் நீரைத் தேக்குவதால் வேர் அழுகும். ஆதலின் மண்ணுடன் மணலும் இலைமக்கும் கலத்தல் வேண்டும். இரண்டாவது கோடை. வறண்ட காற்றில் இலையோரம் கருகும். தொட்டிகளை நெருக்கமாக வைத்தால் அவற்றைச் சுற்றி ஈரப்பதம் சற்று நிலைக்கும். மூன்றாவது குளிர்காலம். இரவின் குளிரைத் தாங்காத செடிகளைச் சுவரோரம் வைத்து, நீரைக் குறைத்தல் நன்று.

கலேடியம் நம் சேம்பின் உறவுச்செடி. சேப்பங்கிழங்கு நாவில் அரிப்பதற்குக் காரணமான ஊசி போன்ற நுண்படிகங்கள் இதிலும் உள்ளன. எனவே இதன் இலையையோ கிழங்கையோ வாயில் வைத்தல் கூடாது. செடியைத் தொட்டபின் கை கழுவுதல் வேண்டும்.

குளிர்காலத்தில் கலேடியத்தின் இலைகள் யாவும் உதிர்ந்துவிடும். செடி பட்டுவிட்டதென்று எண்ணிப் பலர் தொட்டியைக் கவிழ்த்துவிடுகின்றனர். உண்மையில் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. அதனை எடுத்து உலர்ந்த மணலில் வைத்திருந்து, மே மாத இறுதியில் மீண்டும் நட்டால், மழை தொடங்கியதும் செந்நிற இலைகள் விரியும். பிறந்த காட்டின் ஈரமும் நிழலும் சிறிது கிடைத்தால் போதும். எந்த ஊர் மண்ணிலும் செடி வேரூன்றும்.

சொற்பொருள்
தழைத்தல் – செழித்து வளர்தல்
இடர் – துன்பம்
இலைமக்கு – மக்கிய இலை உரம்
பட்டுவிடுதல் – (செடி) காய்ந்து இறத்தல்

வினாக்கள்
1. காட்டின் தரையில் வாழும் செடிகளின் இலைகள் அகன்றிருப்பது ஏன்?
2. புனேயில் இச்செடிகளுக்கு நேரும் மூன்று இடர்கள் யாவை?
3. இலை உதிர்ந்த கலேடியத்தை எறிந்துவிடலாமா? காரணம் கூறுக.