எத்தனை அங்குல ஸ்க்ரூ?

சமையலறை அலமாரியைச் சுவரில் மாட்டுவது தச்சர் பொறுப்பு என்றுதான் நானும் இருந்தேன். சென்ற ஆடியில், மைசூர் கிருஷ்ணமூர்த்திபுரத்திலுள்ள எங்கள் பழைய வீட்டில், அது எவர்சில்வர் டப்பாக்களோடு அடுப்பு மேடையில் விழுந்தது. ஐந்து நிமிடம் முன்புதான் என் மனைவி காபியோடு கூடத்துக்கு வந்திருந்தாள்.

பார்த்தால், எல்லாம் ஒன்றரை அங்குலக் கறுப்பு ஸ்க்ரூக்கள். பாதி ஒடிந்திருந்தன, மீதி பூச்சோடு பெயர்ந்திருந்தன. கறுப்பு ஸ்க்ரூ ஜிப்சம் பலகைக்கானது. பாரம் கூடினால் வளையாமல் சட்டென்று ஒடியும்.

அன்பர்களே, கணக்கு எளிது. பலகை 18 மி.மீ., பூச்சு 20 மி.மீ., செங்கல்லுக்குள் 40 மி.மீ.; ஆக, ஏறக்குறைய 80 மி.மீ. மர ஸ்க்ரூ வேண்டும். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பழைய வீடுகளில் செங்கல்லின் நடுவில் துளையிடுங்கள். இடையிலுள்ள சுண்ணாம்புக் காரையில் பிளக் நிற்காது. அலமாரியின் மெல்லிய பின்பலகையை நம்பாமல், உள்ளே மேலும் கீழும் மரப்பட்டை கொடுத்து அதன் வழியே முடுக்குங்கள். ஹாலோ பிளாக் சுவரானால் அதற்கென்றே உள்ள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

தச்சர் வந்ததும், "எஷ்டு இஞ்சு ஸ்க்ரூ?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, டப்பாக்கள் நசுங்கியதோடு போயிற்று.