பில்லுக்குப் பின்னாடி இருக்கிற பொடி எழுத்து

வேலை கிடைச்சு பெங்களூருக்கு வீடு மாத்துறீங்க. லாரியில் போன வாஷிங் மெஷின் நெளிஞ்சு வந்து இறங்குது. கேட்டால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் பில்லைத் திருப்பிக் காட்டுகிறார்: 'தகராறு எதுவானாலும் நாங்கள் நியமிக்கும் நடுவரே தீர்ப்பார், இடம் டெல்லி.' இதுதான் ஆர்பிட்ரேஷன் ஷரத்து. 8,000 ரூபாய் மெஷினுக்காக யார் டெல்லி போவாங்க? அதுதான் அவங்க கணக்கு.

நடுவர் தீர்ப்பை லேசா நினைக்காதீங்க. 1996-ம் வருடச் சட்டப்படி அது கோர்ட் டிக்ரி போலவே செல்லும். ஆனால் விவகாரத்தில் சம்பந்தப்பட்ட ஒரு தரப்பே தனி நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019-ல், பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் ஏற்கவில்லை.

அதைவிட முக்கியம், வீட்டுச் சாமானுக்குக் காசு கொடுத்த நீங்க ஒரு நுகர்வோர். இந்த ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பது 2018-ல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உறுதியாகிவிட்டது. 2019 சட்டப்படி குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

பலர் கோட்டை விடுவது வேறொரு இடத்தில். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ன்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் சேதத்தை எழுத்துமூலம் தெரிவிக்கணும். போனில் போட்ட சண்டை கணக்கில் வராது. சாமான் இறங்கும்போதே போட்டோ எடுத்து, டெலிவரி ரசீதில் 'சேதம்' என்று எழுதிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.