காலில் தொடங்கிய இங்கிலீஷ்!

நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். மகளின் கல்லூரிப் புத்தகங்களை அடுக்கும்போது, 1949ல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல் கையில் கிடைத்தது. சும்மா பிரித்தால், முதல் பக்கத்திலேயே கதாநாயகன் ஏழு மாடியை நின்று நின்று ஏறுகிறான். 39 வயதுதான், காலில் 'வெரிகோஸ் அல்சர்'. அட, எனக்கும் அதே நரம்பு சுருட்டல்தானே! அல்சர் என்றால் வயிற்றில் வருவது என்றல்லவா நினைத்திருந்தேன்! ஆறாத புண் எங்கே இருந்தாலும் அந்தப் பேர்தானாம்.

அன்றிலிருந்து மதியம் ஒரு பக்கம். தெரியாத வார்த்தைகளைக் கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி, அகராதி பார்ப்பேன். 'சாங்குவின்' என்பதற்கு 'நம்பிக்கையுள்ள' என்று போட்டிருந்தது. கதையிலோ அது சிவந்த முகம்! ஒரே அர்த்தத்தோடு அகராதியை மூடக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையில் அரசாங்கமே வருஷா வருஷம் வார்த்தைகளை ஒழிக்கிறது. 'பேட்' வேண்டாம், 'அன்குட்' போதுமாம். வார்த்தை இல்லாவிட்டால் ஜனங்களுக்கு எதிர்த்து நினைக்கவே வராதே!

போன மாதம் டாக்டர் வழக்கம்போல் என் காலைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் பேசிக் கொண்டிருந்தார். "இது வெரிகோஸ் அல்சர் ஆகிடுமா டாக்டர்?" என்று நானே கேட்டேன். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக் கொண்டார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.