பேரிடர் நிவாரண அமைப்புகள் எதிர்கொள்ளும் சவால்கள்

தேவையறியாமல் வந்து குவியும் உதவி, நிவாரண அமைப்புகளுக்குப் பெரும் சுமையாகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். அங்கு லாரிகளில் வந்திறங்கிய பழைய துணிகளை மீனவர்கள் வாங்க மறுத்தனர். சாலையோரங்களில் கிடந்த அத்துணிகளை அகற்றுவதே தனி வேலையானது. யார் எந்த ஊருக்கு என்ன தருகிறார்கள் என்பதை அறிய, சில நாட்களிலேயே தொண்டு நிறுவனங்களுக்கென ஒருங்கிணைப்பு மையம் தொடங்கப்பட்டது.

படகு வழங்குவது இதைவிடச் சிக்கலானது. கட்டுமரம் இழந்தோருக்குப் பல அமைப்புகள் கண்ணாடியிழைப் படகுகளைக் கொடுத்தன. சில ஊர்களில் முன்பிருந்ததைவிடப் படகுகள் கூடின, மீன்வளம் கூடவில்லை. துடுப்பாலும் பாயாலும் ஓடிய கட்டுமரத்துக்கு இல்லாத எரிபொருள் செலவு, இயந்திரப் பழுது எல்லாம் மீனவர் தலையில் விழுந்தன. படகு உடைமையை வைத்தே இழப்பு கணக்கிடப்பட்டபோது, கூலிக்குக் கடலுக்குச் செல்வோரும் கூடையில் மீன் விற்கும் பெண்களும் பட்டியலில் எளிதாக விடுபட்டனர்.